விலைச்சீட்டு

நானூறு ரூபாய் என்று பதிப்பாளர் திருமேனிநாதன் விலை வைத்த நாவலை மின்னூல் கடை நாற்பத்தொன்பதுக்கு விற்றது. இப்படியே போனால் அச்சிட்டு அடுக்கியிருப்பதைக் கரையான்தான் வாங்கும். ஏதோ விழாவில் போர்த்திய பொன்னாடையோடு கடையின் அலுவலகத்துக்குள் நுழைந்தவர், "என் நூலுக்கு நான்தாம்மா விலை வைப்பேன்!" என்று முழங்கினார். பழைய விலையை மறைத்து ஏற்றிய விலையைக் காட்ட தன் நூல்களில் வழக்கமாக ஒட்டும் சீட்டை எடுத்து, மேலாளர் ரெஜினாவின் டேப்லெட்டில் தெரிந்த நாவலின் அட்டைமேல் அறைந்தார்.

"விலை உங்களோடது சார். கடை எங்களோடது" என்று ரெஜினா ஒரு தட்டு தட்டினாள். அவருடைய நூல்கள் அத்தனையும் திரையிலிருந்து மறைந்தன. வெற்றுக் கண்ணாடியில் நானூறு ரூபாய் மட்டும் நின்றது.

"அதையும் சுரண்டி எடுத்துட்டுப் போங்க."

திருமேனிநாதன் நகத்தால் சுரண்டினார். வாசகன் எவனும் உரித்துப் பார்த்துவிடக் கூடாதென்று அவரே தேடிப் பிடித்த பசை அது.