பூச்சிச் சிவப்பு

பதினோராவது மேசையில் தட்டை வைத்தபோது லேப் அக்கா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

தட்டில் வெங்காய வேர்நுனி, கண்ணாடித் துண்டு, சிவப்புச் சாயக் குப்பி, ஊசி. எல்லாத் தட்டிலும் அதேதான். இந்தத் தட்டில் ஊசி மட்டும் வேறு.

வேறு கல்லூரிப் பிள்ளைகள் வந்து எழுதும் செய்முறைத் தேர்வு. மானம் போகக்கூடாதென்று துறைத்தலைவர் பழைய ஊசிகளைத் தூக்கிப் போடச் சொல்லி, பளபளவென்று துருவே பிடிக்காத புது எஃகு ஊசிகள் வாங்கியிருந்தார். படித்த மனுஷர், அவரிடம் யார் சொல்வது?

சாயத்தைக் காய்ச்சுகிறவள் லேப் அக்காதான். கள்ளிச்செடியில் ஒட்டி வாழும் பூச்சியைக் காயவைத்து எடுத்த சிவப்பு. அதில் துளி இரும்பு சேர்ந்தால்தான் குரோமோசோம் கறுத்துப் பளிச்சென்று தெரியும். துருப்பிடித்த ஊசியால் சாயத்தில் நாலு சுற்று சுற்றினால் போதும். அஞ்சாவது சுற்றினால் எல்லாமே கறுத்துக் குட்டிச்சுவராகிவிடும்.

தூக்கிப் போட்டதில் ஒன்றை அவள் எடுத்து வைத்திருந்தாள். பிடிபட்டால் வேலை போய்விடும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இது மூன்றாவது தடவை. இதிலும் கோட்டை விட்டால் படிப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பெண் ஊசியை எடுத்தாள். துருவைப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரியின் புது ஊசியைப் பார்த்தாள்.

கையைத் தூக்கி வேறு ஊசி கேட்டுவிடுவாளோ என்று லேப் அக்கா அடுத்த மேசைக்குப் போகாமல் நின்றாள்.

கேட்கவில்லை. சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

நிறுத்தினாள். லேப் அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தேர்வாளர் ஒவ்வொரு மேசையாக உதட்டைப் பிதுக்கிக்கொண்டே வந்தார். பதினோராவதில் நுண்ணோக்கியில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் ஊசியைத் தூக்கிப் பார்த்தார்.

“துரு ஊசியா! இந்த வித்தைய யாரும்மா சொல்லிக்குடுத்தாங்க?”

லேப் அக்கா தொட்டிப் பக்கம் திரும்பிக் கண்ணாடிகளைக் கழுவ ஆரம்பித்தாள். காது கேட்க வேண்டுமே என்று குழாயைக் கொஞ்சமாகத்தான் திறந்தாள்.

“எங்க அம்மா சார். போன வருஷம் தவறிட்டாங்க.”

தேர்வாளரின் முகம் வாடிவிட்டது. மேற்கொண்டு எதுவும் கேட்காமல், முழு மதிப்பெண்ணையும் போட்டுவிட்டு நகர்ந்தார்.

தேர்வு எழுதுவோரில் தன் உறவினர் யாரும் இல்லை என்று காலையில் கையெழுத்துப் போட்டது லேப் அக்காதான். யார் கேட்டாலும் என்னைத் தெரியாதென்று சொல் என்று வீட்டை விட்டுக் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னதும் அவள்தான். அதற்காக ஒரேயடியாகச் சாகடித்துவிடுவதா? வேறு பொய்யே கிடைக்கவில்லையா? பெற்ற வயிறு எரிந்தது. பிள்ளை தேறிவிட்டாள் என்று அதே வயிறு குளிரவும் செய்தது.

செத்துப்போன அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அழுக்குத் தட்டை எடுத்துப்போகப் பதினோராவது மேசைக்கு வந்தாள்.