அடுத்த வீட்டுப் புகை

ஊரார் கழித்துப்போட்ட கிரில் அடுப்புகளை எல்லாம் பொற்கொடி விலைக்கு வாங்கி மொட்டைமாடியில் சேர்த்தாள். எதையும் கழுவ மாட்டாள். யாரோ விட்டுப்போன கரிப்பிசுக்கின் மேலேயே முதல் மீனைச் சுட்டு, கண்ணை மூடித் தின்பாள்.

“இந்த அடுப்பு இருந்த வீட்டு ஆளுக்கு நல்ல கைப்பக்குவங்க” என்பாள்.

முகம் தெரியாத அந்த ஆளை நினைத்து அவள் கணவன் தனபாலுக்கு வயிறு எரியும். நேற்று வந்த அடுப்பை, அவள் கடைக்குப் போன நேரத்தில், கம்பி நாரால் பளபளவென்று தேய்த்துவிட்டுத் தானே மீன் சுட்டான். அவள் வந்ததும், “நேத்து வந்த அடுப்புல சுட்டது” என்று தட்டை நீட்டிவிட்டு, கரி படிந்த கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

பொற்கொடி மெதுவாக மென்றாள். கண்கள் திறந்தே இருந்தன.

“பாவங்க. இந்த வீட்டுல ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்க போல.”