கத்துக்குட்டியின் முப்பத்தோராவது கேள்வி

‘சார், புரோகிராம் ஓடல’ என்று கத்துக்குட்டி எழுதியிருந்தான்.

அவ்வளவுதான். எங்கே நின்றது, என்ன சொல்லி நின்றது, ஒன்றும் கிடையாது. வயிற்று வலி என்று வந்துவிட்டு எந்தப் பக்கம் என்று சொல்லாத நோயாளி மாதிரி.

மணி இரண்டு நாற்பது. சாப்பாட்டு டப்பாவை இன்னும் மூடவில்லை. காலையிலிருந்து அலுவலகத்தில் ஒரு பழைய மென்பொருளோடு மல்லுக்கட்டிக் கண் எரிந்தது. அதை எழுதிய புண்ணியவான் எந்தப் பிழை வந்தாலும் சத்தமில்லாமல் விழுங்கும்படி செய்துவைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டான். விழுங்கியதையெல்லாம் கக்க வைப்பது என் தலையெழுத்து.

கத்துக்குட்டி என்ற பெயரில் அவன் வருவது ஓர் இணையதளத்தில். புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறவர்கள் சந்தேகம் கேட்கும் இடம். அங்கே என் பெயர் பழைய பெருச்சாளி. ஆண் என்று நினைத்து எல்லோரும் சார் போடுகிறார்கள். நானும் திருத்தவில்லை. சம்பளம் இல்லை, ஆனால் நன்றி சொல்வார்கள். மற்ற இடங்களில் அந்தப் பழக்கம் இல்லை.

இது அவனுடைய முப்பத்தோராவது கேள்வி. நாலு மாதமாகக் கேட்கிறான்.

பொத்தானை அழுத்தினால் திரை ஏன் உறைந்துபோகிறது? மூடிய பிறகும் புரோகிராம் ஏன் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது? எண் போட வேண்டிய கட்டத்தில் எழுத்தைப் போட்டால் ஏன் மொத்தமும் சாய்கிறது? கடையில் ஒரே ஆள் இருந்து, அவனும் சரக்கு எடுக்க உள்ளே போனால் கல்லாவில் வரிசை நிற்காதா, திரை உறைவதும் அப்படித்தான் என்று விளக்கினேன். மறுநாள் அதையே வேறு விதமாகக் கேட்டான். மறுபடியும் விளக்கினேன். முகம் சுளித்ததில்லை.

வீட்டில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆறு மணிக்கு மேல் என்னிடம் பொறுமை மிச்சம் இருப்பதில்லை. மகள் வீட்டுப்பாடத்தை அப்பாவிடம்தான் கொண்டுபோவாள். வேலை பார்த்த அச்சகத்தை மூடியதிலிருந்து அவர் வீட்டில்தான் இருக்கிறார். சமையல், துணி, மகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருவது எல்லாம் அவர். நான் வந்து சாப்பிட்டுவிட்டு உப்பு குறைவு என்பேன்.

‘என்ன எரர் வந்தது? ஒரு எழுத்து விடாமல் அப்படியே போடுங்கள்’ என்று கத்துக்குட்டிக்கு எழுதினேன்.

‘போடறேன் சார். வீட்டுல நல்லா ஓடிச்சு. இப்ப வேலைக்காகக் காட்ட வந்திருக்கேன், அட்டைப்பெட்டி கம்பெனி. இவங்க கம்ப்யூட்டர்ல ஓடல. மூணு மணிக்கு முதலாளி வந்து பார்ப்பார். இதையும் விட்டா எனக்கு வேற இல்ல சார்.’

அலுப்பையும் மீறிச் சிரிப்பு வந்தது. வீட்டில் ஓடியதாம். இது அரிச்சுவடிப் பிழை. ஃபைல் இருக்கும் இடத்தை முழு விலாசமாகப் புரோகிராமுக்குள் எழுதிவைத்திருப்பான். தன் வீட்டு விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

எரர் வந்தது. ஃபைல் கிடைக்கவில்லை. நினைத்தது சரிதான். சி டிரைவ், அதற்குள் யூசர்ஸ், அதற்குள் ஆங்கில எழுத்தில் பூசணிக்குட்டி, அதற்குள் டெஸ்க்டாப்.

பூசணிக்குட்டி.

எங்கள் மகள் பிறந்தபோது நாலேகால் கிலோ இருந்தாள். அந்த மாதம் வீட்டுக்கு வாங்கிய கணினியில் அந்தப் பெயரைப் போட்டது நான்.

ஃபைலின் பெயரையும் படித்தேன். தாள் அளவுகள். இருபது வருடம் அச்சகத்தில் தாள் வெட்டியவர் அவர். என்ன புரோகிராம் செய்கிறாய் என்று கத்துக்குட்டியிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. பகலெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று வீட்டிலும் கேட்டதில்லை.

நாலைந்து மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினியோடு என்னிடம் வந்து ஏதோ சந்தேகம் கேட்டார். என்ன கேட்டார் என்பது நினைவில்லை. நான் சொன்னது நினைவிருக்கிறது.

“இதெல்லாம் உங்களுக்கு வராதுங்க. விட்டுடுங்க.”

சரி என்று கணினியை மூடினார். அத்தோடு விட்டுவிட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கைபேசியை எடுத்தேன். அவர் எண் வரைக்கும் போய்விட்டு வைத்துவிட்டேன். இப்போது என் குரலைக் கேட்டால் அவருக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். நான் பக்கத்தில் நின்றால் அடுப்பைப் பற்றவைக்கக்கூட இரண்டு முறை யோசிக்கிற மனிதர். எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மணி வரைக்கும் அவருக்கு வேண்டியது அந்த சார்தான், நான் இல்லை.

எழுதினேன். ஃபைலைப் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரிலேயே வையுங்கள். நோட்பேடில் புரோகிராமைத் திறந்து, அந்த நீள விலாசத்தை அழித்துவிட்டு ஃபைலின் பெயரை மட்டும் விடுங்கள். சேமித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பதற வேண்டாம், எல்லோரும் செய்கிற தவறுதான்.

கடைசி வரியில் மட்டும் மூன்று எழுத்துப்பிழை. திருத்தி அனுப்பினேன்.

பதினொரு நிமிடம் ஒன்றும் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை.

பிறகு வந்தது.

‘ஓடிருச்சு சார், ஓடிருச்சு! முதலாளி படியேறி வர்றார், அப்புறம் பேசறேன். நாலு மாசத்துல ஒருநாள்கூட நீங்க சலிச்சுக்கல. உங்க வீட்டுல இருக்கறவங்க கொடுத்து வச்சவங்க.’