வலப்பக்கம் மேலே

கிமோனோப் பேச்சை முதலில் எடுத்தது என் மனைவி ரீனாவா, என் தங்கை வின்சியா என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

கண்டாங்கிச் சேலைத் துணியில் வின்சி வடிவமைத்த சட்டையை ரீனா தன் பெயரில் பத்திரிகையில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து ஜப்பான் வியாபாரிகள் காரைக்குடியில் இருக்கும் அவள் தையல் கடைக்கு வருவதாக எழுதினார்கள். அவர்களுக்காகக் கண்டாங்கியில் கிமோனோ என்ற ஜப்பானிய அங்கியைத் தைக்க ரீனா முடிவு செய்தாள்.

மேசையில் ஒரு பிரெஞ்சு, ஒரு ஜப்பான் என்று இரண்டு ஃபேஷன் பத்திரிகைகள் கிமோனோப் படங்களோடு விரிந்து கிடந்தன.

"முன்னால மடிக்கயில பிரெஞ்சுக்காரிக்கு வலப்பக்கம் மேல வருது. ஜப்பான்காரிக்கு இடப்பக்கம் மேல வருது. எது சரி வின்சி? நீதான ஜப்பான்ல இருந்தவ."

"வலதுதான் மதினி. ஜப்பான் புத்தகத்தைப் பின்னாலருந்துல்ல தொறக்கணும்? படத்தையும் திருப்பித்தான் போடுவாக."

"அதானே பார்த்தேன்!"

ஜப்பான் வியாபாரிகள் வந்த அன்று, கிமோனோ அணிந்த பெண்கள் மேடைக்கு வந்ததும் அவர்கள் முகம் வெளுத்து எழுந்துவிட்டார்கள்.

"அவுக ஊர்ல பிணத்துக்குத்தான் வலப்பக்கத்தை மேல போடுவாகளாம்" என்றார் மொழிபெயர்க்க வந்தவர்.

வின்சியைத் தனியே அழைத்துப் போனேன்.

"ஜப்பான்ல நீ பார்த்தது நர்ஸ் வேலைதானத்தா?"

"ஆமாண்ணே, முதியோர் இல்லத்துல. உசுரு போனவுகளுக்குக் கிமோனோ உடுத்திவிட்டதும் நான்தான்."

அவள் ஒரு கிமோனோவை எடுத்து, கழுத்துப் பட்டியில் தைத்திருந்த பெயரைக் காட்டினாள்.

"இந்தத் துணியிலயும் மதினி பேருதான இருக்கு? இருக்கட்டும்ணே."

ரீனா கடையை மூடிவிட்டாள். வின்சி பள்ளத்தூரில் கடை திறந்து, அதே வியாபாரிகளுக்கு இடப்பக்கத்தை மேலே வைத்துத் தைக்கிறாள். நான் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறேன். இரண்டு வீட்டிலும் அந்தக் கிமோனோவைப் பற்றிப் பேசுவதில்லை.