செவலைக் குட்டிக்கு இடம் பார்த்தது

"நாய்க்குட்டிய சாக்குல போட்டு எடுத்துட்டுப் போவியா? இது இன்னா மல்லாட்டையாப்பா?"

"சாக்க நல்லா அலசித்தாம்மா—"

"அலசிட்டா அதுக்குள்ள மூச்சு விட முடியுமா?"

"பின்ன இன்னாம்மா, பல்லக்கா கொண்டாருவாங்க?"

சிங்கவரத்துக் கலியபெருமாள் வேர்க்கடலை போட்ட தன் மல்லாட்டைக் கொல்லைக்குக் காவல் வேண்டுமென்று சைக்கிளில் வந்திருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்த மாதிரி அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து வெகு நேரமாகிவிட்டது. குட்டி இன்னும் கைக்கு வரவில்லை.

விசாரித்தவள் நீலாவதி, கடைத்தெரு மளிகைக்காரர் வெங்கடரமணனின் மனைவி. ஊர் ஜீவகாருண்ய சங்கத்துக்குத் தலைவி அவள்தான், செயலாளர் அவள்தான், குட்டிகளுக்குப் பால் ஊற்றுகிறவளும் அவள்தான். மற்ற உறுப்பினர்கள் அவ்வப்போது கூடி அவளைப் பாராட்டிவிட்டுச் சுண்டல் சாப்பிட்டுப் போவார்கள்.

ஊர் மலைக்கோட்டையின் பாழடைந்த நெற்களஞ்சியத்தில் தாய் செத்துக் கிடக்க, கண் திறக்காமல் கத்திய குட்டிகளை முந்தானையில் வாரிக்கொண்டு வந்தவள் அவள். கடுவன்களுக்கெல்லாம் இடம் கிடைத்துவிட்டது. மிஞ்சியது இந்தச் செவலை. பெட்டை.

பெட்டையானாலும் பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்ன முதல் ஆள் கலியபெருமாள். அந்தப் பெருந்தன்மைக்குத்தான் இந்த விசாரணை.

வீட்டில் குடிக்கிறவர் உண்டா, குடித்தால் கை ஓங்குவாரா, வயசான அம்மா எப்படிப்பட்டவர், வயிறாரப் போடுவார்களா, இல்லை எல்லோரும் தின்றது போக மிச்சமா. ஒவ்வொன்றுக்கும் கலியபெருமாள் தலையைச் சொறிந்துகொண்டு பதில் சொன்னார்.

அதற்கும் மேல் ஒரு நிபந்தனை. மாதம் ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல், நீலாவதி வந்து பார்ப்பாள். கழுத்தில் கயிற்றுத் தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். விலா எலும்பு தெரிகிறதா என்று பார்ப்பாள். கையைத் தூக்கினால் குட்டி ஒடுங்குகிறதா என்று பார்ப்பாள்.

சும்மா சொல்கிற பேச்சில்லை. மேல்மலையனூரில் கொடுத்த குட்டியை வெயிலில் கட்டிப் போட்டிருந்தார்கள் என்று, அமாவாசைக் கூட்டத்தில் ஸ்பெஷல் பஸ் பிடித்து, அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினவள். அந்த வீட்டுக்காரர்கள் தெருவைக் கூட்டிச் சண்டை போட்டார்கள். போடட்டும் என்றாள். தப்பான இடம் என்று தெரிந்த பிறகு வாயில்லா ஜீவனை அங்கே விட்டு வைப்பது பாவம் என்றாள். தெருவே கை தட்டியது.

இதெல்லாம் நடக்கும்போது அவள் மகள் அமிர்தவல்லி கதவோரம் டிரங்குப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

ஆடிக்கு அழைத்து வந்த புதுப்பெண். ஆவணியும் பாதி போய்விட்டது. அழைத்துப் போகத் திண்டிவனத்திலிருந்து மாமனார் வந்து, வீட்டை ஒட்டிய மளிகைக் கடையில், புதிதாக வாங்கிய டேபிள் ஃபேனுக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பகல் பஸ்ஸுக்கு ஜட்கா வாசலில் தயார்.

வந்த நாளிலிருந்து அமிர்தவல்லி மணிக்கட்டு வரை கை வைத்து, அங்கே பொத்தான் போட்ட ரவிக்கைதான் அணிந்தாள். எங்கள் ஊர் வெயிலில் மலைப் பாறை மேல் அப்பளம் பொரிக்கலாம். யாராவது கேட்பதற்கு முன்பே, அதெல்லாம் திண்டிவனத்து நாகரிகம் என்று நீலாவதி முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்.

திரும்பிப் போக மாட்டேன் என்று பெண் சொல்லிப் பார்த்தாள். எல்லா வீட்டிலும் நாலும் இருக்கும், அனுசரித்துப் போ என்று அம்மா தலைவாரிப் பூ வைத்துவிட்டாள். அங்கே ஒரு நாளாவது வந்து பாரேன் என்று பெண் கேட்டாள். கூப்பிடாமல் சம்பந்தி வீட்டு வாசலை மிதிப்பது மரியாதை இல்லை என்று அம்மா விளக்கினாள்.

கல்யாணம் ஆன நாளாகச் சம்பந்தி கூப்பிடவில்லை. அவர்களுக்கும் மரியாதை தெரியும்.

கலியபெருமாள் எழுந்துவிட்டார். மாதா மாதம் வந்து வேவு பார்க்கிற சமாசாரம் அவருக்கு ஒத்துவரவில்லை. சாக்கைச் சைக்கிள் கேரியரில் மடித்துச் செருகினார்.

"இதுக்கு நானே கொல்லையில படுத்துக்கினு குலைக்கலாம்மா."

அவர் தெருமுனை திரும்பும் வரை நீலாவதி பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, இடம் சரியில்லை என்று முன்னாடியே தெரிந்தது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டாள்.

ஜட்காக்காரர் குரல் கொடுத்தார். கடைப் பக்கமிருந்து மாமனாரின் கனைப்பு கேட்டது.

அமிர்தவல்லி பெட்டியைக் கீழே வைத்தாள். அம்மாவின் மடியிலிருந்து செவலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அது விளையாட்டாக ரவிக்கைக் கையைக் கவ்வி இழுத்தது. பொத்தான் தெறித்தது. துணி முழங்கை வரை ஏறிக்கொண்டது.

நீலாவதி சட்டென்று அதை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. பார்க்காமலே அவ்வளவு வேகமாக எப்படி மூடினாள் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

பெண் குட்டியைக் கீழே விடவில்லை.

"இத எனக்குக் குடுத்துடும்மா. மாசாமாசம் வந்து பாப்ப இல்ல?"