சுவீடன் கவிஞர் இங்கே இல்லை

“சுவீடன் கவிஞரா? சீரியல்ல எவனோ சொன்னான்னு இங்க வந்து கேட்டா எப்படி?”

நூலகர் தலையை நிமிர்த்தவில்லை.

“நேத்து ஒரு டாக்டர் வேஷக்காரர் சொன்னாராம் சார். பேரை எழுதிட்டு வந்திருக்கேன்.” அந்த அம்மாள் சீட்டை நீட்டினாள்.

“முப்பது வருஷமா இங்க இருக்கேன். எந்த அலமாரியில எது இருக்குன்னு கண்ணைக் கட்டிட்டுச் சொல்லுவேன். இப்படி ஒரு ஆளே கிடையாது. கதை எழுதினவன் விட்ட கப்சா.”

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

நூலகருக்குப் பொறுமை போய்விட்டது. “சீரியல் பைத்தியத்துக்கும் ஒரு அளவு வேணாமாம்மா?”

“நான் எங்க சார் பார்த்தேன்? வீட்டுக்காரர்தான் பார்த்தாரு. ‘இவரை நான் படிச்சிருக்கேன், நம்ம லைப்ரரியில, பச்சை அட்டை’ன்னாரு. பிள்ளை போன்ல தேடினான். ஒண்ணும் வரலை. ஏற்கெனவே ரெண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்தவரு. இப்ப இல்லாததையும் சொல்றாருன்னு, ஞாபகம் போனவங்களை வச்சுப் பார்த்துக்கிற இல்லத்துல இடம் பிடிச்சுட்டான். திங்கக்கிழமை கொண்டுபோய் விடப்போறான். புத்தகம் இருக்குன்னு காட்டிட்டா அந்த யோசனையை விட்டுடுவான் சார்.”

நூலகர் சாவியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

தூசியில் பதினோரு தும்மல். ஆறாவது பதிவேட்டில் விரல் நின்றது.

அதே பேர். மொழிபெயர்ப்பு. பச்சை அட்டை. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு. அதை இரண்டு தடவை படித்தார்.

பதிவேடு வாசலைத் தாண்டக் கூடாது என்பது விதி. எழுதி ஒட்டியவரே அவர்தான். ஞாயிறு காலை அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, விலாசம் விசாரித்து, அந்த வீட்டுப் படியேறினார்.

பிள்ளை கதவைத் திறந்தான். கூடத்தில் அப்பாவின் பெட்டி கட்டி வைத்திருந்தது.

“படிங்க தம்பி. உங்க அப்பா சொன்னது அத்தனையும் சரி.”

பிள்ளை படித்தான். சிவப்பு மைக்கு வந்தான். “‘யாரும் படிப்பதில்லை. நீக்கப்பட்டது.’ போன வருஷம்தான் போட்டிருக்கு. யார் சார் இந்தக் கையெழுத்து?”

“என்னுது. நானே தூக்கிப் போட்டுட்டு, அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னு உங்க அம்மாகிட்ட அடிச்சுப் பேசினேன்.”

நூலகர் உள்ளே வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பிடிச்ச இடத்தை வீணாக்காதீங்க. நாளைக்கு என்னைக் கொண்டுபோய் விடுங்க.”