ஒளிஞ்சுக்கக் கூடாது

எலியேசர் முகமூடியை மாட்டியதும் குழந்தைகள் எல்லோரும் பின்வாங்கினார்கள்.

அது அவர் எதிர்பார்த்ததுதான். வகுப்பறைத் தரையில் மண்டியிட்டார். கையுறையைக் கழற்றி வெறுங்கையை நீட்டினார்.

“நான்தான். இவ்வளவு நேரம் உங்களோட பேசிக்கிட்டிருந்த அதே மாமாதான். வீட்டுல தீப்பிடிச்சா இப்படித்தான் உள்ள வருவேன். மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்கும். என்னைப் பார்த்து ஒளிஞ்சுக்கக் கூடாது. என்கிட்ட தவழ்ந்து வரணும். சரியா?”

குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போல் இருந்தது.

ஒரு பையன் துணிந்து வந்து முகமூடியின் மூக்கைத் தட்டிப் பார்த்தான்.

“மாமா, இதைப் போட்டுக்கிட்டு எப்படிச் சாப்பிடுவீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு பயம் போய்விட்டது. ஒவ்வொருவராகத் தவழ்ந்து வந்து கையைத் தொட்டுவிட்டு, வெளியே மழையில் நின்ற சிவப்பு வண்டியைப் பார்க்க ஓடினார்கள். உதவி ஆசிரியை குடையோடு பின்னால் ஓடினாள்.

ரயேன் மட்டும் வரவில்லை.

அவர் வகுப்புக்குள் வந்ததிலிருந்தே அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். முகமூடியைப் போட்டதும் மேசைக்கடியில் இறங்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

ஆசிரியை நியெவெசுக்கு அவளைப் பற்றி அதிகம் தெரியாது. குளிர்கால விடுமுறை முடிந்து புதிதாகச் சேர்ந்தவள். பெரியம்மா வீட்டிலிருந்து வருகிறாள். நியெவெசும் அதே வாரம்தான் கான்செப்சியோன் நகரத்திலிருந்து இந்த சிலோயே தீவுப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்தாள். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

“பரவாயில்லை, விட்டுடுங்க,” என்றாள் நியெவெஸ். “மத்த பசங்க எல்லாரும் கத்துக்கிட்டாங்களே. ரயேன் கொஞ்சம் கூச்சப்படற பொண்ணு.”

எலியேசர் காதில் வாங்கவில்லை. குப்புறப் படுத்தார். அந்தக் கனத்த உடுப்போடும் முதுகில் சிலிண்டரோடும் குட்டி நாற்காலிகளை விலக்கிக்கொண்டு ஊர்ந்தார்.

“ரயேன், வாம்மா. கையை மட்டும் தொடு. போதும்.”

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். இங்க பாரு. உள்ள வெறும் மனுஷன்தான்.”

அவள் அசையவில்லை.

“வாம்மா. தயவுசெஞ்சு வா.”

ஐந்து வயதுக் குழந்தையிடம் ஒரு பெரிய மனிதர் இப்படிக் கெஞ்சி நியெவெஸ் பார்த்ததில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. குழந்தையை வெளியே எடுத்துவிடலாம் என்று முன்னால் போனாள். அவருடன் வந்திருந்த இர்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். இர்மாவும் அதே தீயணைப்புப் படைதான். சம்பளம் இல்லாத வேலை. மற்ற நாட்களில் அவள் தையல் கடை வைத்திருக்கிறாள், அவர் ரொட்டி வண்டி ஓட்டுகிறார்.

“கொஞ்சம் பொறுங்க டீச்சர்,” என்றாள் இர்மா மெதுவாக. “உங்க பள்ளிக்கூடம் எங்க சுற்றுலயே இல்லை. வண்டியைப் படகுல ஏத்தி இவ்வளவு தூரம் நாங்க வர்றதும் இல்லை. இங்க வந்தே ஆகணும்னு இவர்தான் ஒத்தக்கால்ல நின்னார்.”

“ஏன்?”

இர்மா பிடித்திருந்த கையை விட்டாள்.

“இந்தக் குளிர்ல எங்க ஊர்ல ஒரு வீடு எரிஞ்சுது. உள்ள இருந்த குழந்தை இவர் முகமூடியைப் பார்த்துட்டு அலமாரிக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. இவர் கூப்பிடக் கூப்பிட சத்தமே காட்டலை. அதைத் தேடிப் பிடிச்சு வெளிய கொண்டுவர்றதுக்குள்ள அடுத்த ரூமுக்குப் போக நேரமில்லாமப் போச்சு. கூரை இறங்கிடுச்சு.”

“அந்தக் குழந்தை?”

“அதுக்கு ஒண்ணும் ஆகலை.”

சிலிண்டரில் காற்று குறைந்துவிட்டது. அதன் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது.

“எலியேசர், கழட்டுங்க,” என்றாள் இர்மா. “போதும்.”

அவர் கழற்றவில்லை. ஒரு கையை மேசைக்கடியில் நீட்டியபடி கிடந்தார். மூச்சு வேகமாக வந்தது. முகமூடிக் கண்ணாடியில் ஆவி படர்ந்து உள்ளே இருந்த முகம் மறையத் தொடங்கியது.

“ஒரே ஒரு தடவை வா. அப்புறம் நான் போயிடறேன். உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

மேசைக்கடியில் ஏதோ அசைந்தது.

ரயேன் தவழ்ந்து வந்தாள். நீட்டிய கையைத் தொடாமல் தாண்டி வந்து, கண்ணாடியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, உள்ளே உற்றுப் பார்த்தாள்.

அவள் முகத்தில் பயமே இல்லை என்பதை நியெவெஸ் அப்போதுதான் கவனித்தாள்.

“அப்பா,” என்றாள் ரயேன். “அன்னைக்கு அம்மாவை மட்டும் ஏன் விட்டுட்டு வந்தே?”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நியெவெஸ் இர்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இர்மா ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலியேசர் எழுந்து உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினார். வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“புகையில அப்பாவுக்கு வழி தப்பிப்போச்சுடா கண்ணு,” என்றார். “உன்னை உடனே கண்டுபிடிச்சுட்டேன்.” இர்மா சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். “அம்மா ரூமுக்குத்தான் தப்பான கதவைத் திறந்துட்டேன்.”